சாமம் என்றால் எத்தனை மணி?

கேஸ் ஷீட்டின் மேல் பக்கத்தில் "தொந்தரவு ஆரம்பித்த நேரம்" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். மணியும் நிமிடமும் எழுதுகிற அளவுக்குத்தான் அதில் இடம். தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் 22 வருடமாக அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். நைட் டூட்டியில் "எப்போ ஆரம்பிச்சுது?" என்று கேட்டால், வயதானவர்களிடமிருந்து வருகிற பதில் பெரும்பாலும் ஒரே சொல்தான்: "சாமத்துல."

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் அதைக் கேட்டதும் "இரவு 12:00" என்று எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படி எழுதியவள்தான். அதனால் ஒருவருக்கு என்ன ஆனது என்று பின்னால் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்காகவும், வீட்டில் அப்பா அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். சாமம் என்ற சொல்லைக் கேட்டால் எப்படிப் புரிந்துகொள்வது, அதிலிருந்து மணியை எப்படி எடுப்பது, நாம் சொல்லும்போது குழப்பம் வராமல் எப்படிச் சொல்வது, இவ்வளவுதான் விஷயம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். யாமம்தான் பேச்சில் சாமம் ஆனது. ஜாமம் என்பதும் அதேதான். பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். ஏழரை நாழிகை சேர்ந்தது ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். மாலை 6 மணிக்கு இருட்டினால் 9 வரை முதல் சாமம், 12 வரை இரண்டாவது, 3 வரை மூன்றாவது, விடிகிற 6 வரை நாலாவது. சிவராத்திரிக்கு நான்கு கால பூஜை நடப்பது இந்தக் கணக்கில்தான். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் "இரவின் நாலாம் ஜாமத்திலே" என்று வேதாகமத்தில் படித்திருப்பார்கள். ரோமர்களும் இரவை நான்கு காவலாகப் பிரித்தவர்கள், அதனால் அதுவும் ஏறக்குறைய 3 மணிக்கு மேல் விடிகிறவரை உள்ள நேரம்தான்.

பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு வேறு. ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை கொடுப்பார்கள். அந்தக் கணக்கில் யாமம் இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை. அதற்கு அப்புறம் 6 மணி வரை வைகறை.

இப்போது கட்டிலில் படுத்திருக்கிற ஆச்சி எந்தக் கணக்கில் சொல்கிறாள்? இரண்டிலும் இல்லை. இரவு 7 மணியை எந்த ஆச்சியும் சாமம் என்று சொல்ல மாட்டாள். அவள் சொல்கிற சாமம், ஊர் அடங்கியதிலிருந்து முதல் ஆள் எழுந்து வாசல் தெளிக்கிற வரைக்கும் உள்ள நேரம். நாய் மட்டும் குரைக்கிற நேரம். எங்கள் பக்கத்தில் நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட அளவில், அது சுமார் 11 மணிக்குத் தொடங்கி 3, மூன்றரை வரை போகிறது. நடுச்சாமம் என்று அழுத்திச் சொன்னால் 12-க்கும் 2-க்கும் இடையில். ஆக, சாமம் என்பது ஒரு மணி இல்லை, நாலு மணி நேர நீளம் உள்ள ஒரு பொழுது. அந்த நீளத்துக்குள் எங்கே என்று கேட்பதுதான் நம்முடைய வேலை. அதைக் கேட்காமல் நடுவில் ஒரு புள்ளி வைத்து 12 என்று எழுதுவதில்தான் தப்பு நடக்கிறது.

ஆறேழு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு பெரியவரை ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, இடது கை தூக்க வரவில்லை. பக்கவாதம். அவருடைய வீட்டம்மாதான் கூட வந்திருந்தார்.

"எப்போதிலிருந்தும்மா இப்படி?"

"எந்திச்சிப் பாக்கையிலயே இப்படித்தான் தாயி கெடந்தாவ."

"ராத்திரி நல்லா இருந்தாங்களா?"

"சாமத்துல எந்திச்சி நடந்தாவளே. நல்லாத்தான் நடந்தாவ."

நான் 12:00 என்று எழுதினேன். பதினைந்து வருட அனுபவம் எனக்கு அப்போது. மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி அடைத்து வருகிற பக்கவாதத்துக்கு, அந்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்தது என்றால், கடைசியாக அவர் நல்லபடியாக இருந்ததை யார் எப்போது பார்த்தார்களோ அங்கிருந்துதான் கணக்கு. என் சீட்டுப்படி ஐந்தே முக்கால் மணி நேரம் தாண்டிவிட்டது. ஊசிக்கான நேரம் முடிந்துவிட்டது என்ற கணக்கில்தான் எல்லாம் நடந்தது. ஸ்கேனுக்கு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம், ஆனால் ஓடவில்லை.

மதியம் மகன் வந்தார். காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்குகிற வேலை அவருக்கு. "நான் வேல முடிஞ்சு வந்து கதவத் தட்டுனப்போ அப்பாதான் சிஸ்டர் வந்து திறந்தாரு, சாப்பிட்டியாடான்னு கேட்டாரு" என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். தெருமுனைக்கு வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறார். போனை எடுத்துக் காட்டினார். 2:52.

அந்த அம்மா சொன்ன சாமமும் அதுதான். அவர் பொய் சொல்லவில்லை, தப்பாகவும் சொல்லவில்லை. மூன்று மணி என்று நான் எழுதியிருந்தால் இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்திருக்கும். மருத்துவக் கல்லூரி எங்களுக்கு 50 நிமிட தூரம். ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சரியாகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுத்திருக்கலாம். அவருக்கு அந்தக் கை திரும்பவில்லை. மாத்திரை வாங்க வரும்போது வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார். நான் போய்ச் சீட்டை வாங்கிக்கொள்வேன்.

அதற்கு அப்புறம்தான் நான் சாமத்தைப் பற்றி ஆச்சிமார்களிடம் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன்.

கேட்கிற முறை இதுதான். "மணி என்ன இருக்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். கடிகாரம் பார்க்காதவரிடம் மணி கேட்டால், நமக்காக ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண் சாமத்தைவிட மோசம், ஏனென்றால் அது உண்மைபோலத் தெரியும். அதற்குப் பதிலாக, அந்த ஊரில் ராத்திரி என்னென்ன சத்தம் கேட்கும் என்று கேளுங்கள். செகண்ட் ஷோ விட்டு ஆட்கள் போயாச்சா? கடைசி பஸ் திரும்பியாச்சா? வயல் மோட்டாருக்கு முறை வைத்து விடுகிற கரண்ட் வந்துவிட்டதா? ரயில் போகிற ஊர் என்றால் எந்த வண்டி போயிருந்தது? பால் வண்டி வந்ததா? சுபுஹு பாங்கு சொல்லியாச்சா? மார்கழி மாதம் என்றால் கோயில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டாச்சா? நோன்பு மாதம் என்றால் சகர் சாப்பாட்டுக்கு எழுந்தாச்சா? இதில் இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே நாலு மணி நேரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். வீட்டில் யாராவது யாருக்காவது போன் பண்ணினார்களா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். போனில் நிமிடம் பதிந்திருக்கும்.

கோழியைப் பற்றி ஒரு வார்த்தை. சாமக்கோழி கூப்பிட்டது என்பார்கள். பாதி ராத்திரிக்கு அப்புறம் கூவுகிற கோழி அது. விடியப்போகும்போது கூவுவது வேறு. "முதல் கூப்பாடா, கடைசிக் கூப்பாடா?" என்று கேட்டால் வித்தியாசம் சொல்லிவிடுவார்கள். ஆனால் கோழியை மட்டும் நம்ப வேண்டாம். வெளிச்சம் பட்டாலும் கூவும், பக்கத்து வீட்டுக் கோழி கூவினாலும் கூவும்.

நிலாவை ஓரளவு நம்பலாம். பௌர்ணமி அன்று நிலா உச்சிக்கு வருவது 12 மணியை ஒட்டி. வளர்பிறை அஷ்டமி என்றால் நிலா மறைவது அந்த நேரத்தில், தேய்பிறை அஷ்டமி என்றால் உதிப்பதே அந்த நேரத்தில்தான். முற்றத்தில் படுக்கிறவர்கள் "நிலா தலைக்கு மேல நின்னுது" என்று சொன்னால், காலண்டரில் திதியைப் பாருங்கள், மணி கிடைத்துவிடும். விடிவெள்ளி அப்படி இல்லை. அது சில மாதம் காலையில் கிழக்கே தெரியும், சில மாதம் சாயங்காலம் மேற்கே தெரியும், சில வாரம் கண்ணிலேயே படாது.

ஒரு வருடம் புரட்டாசியில் ஒரு பையனைத் தூக்கிவந்தார்கள். பதினோரு வயது. காலை ஐந்து மணி. வயிற்று வலி என்றார்கள். வாந்தி ஒரு தடவை எடுத்திருந்தான். ஆச்சிதான் பேசினாள்.

"சாமத்துல எந்திச்சி வயிறு வலிக்கின்னான். ஓமத்தண்ணி குடுத்தேன்."

"எங்க படுத்திருந்தான் ஆச்சி?"

"தரையிலதான். தார்சாவுல, என் பக்கத்துல."

தரையில் படுத்தவன், சாமத்தில் வயிற்று வலி. எனக்கு அப்போதே மனம் பதைத்தது. கட்டுவிரியன் ராத்திரி நடமாடுகிற பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் இல்லாமலே இருக்கலாம், பல் பட்ட தடம்கூடத் தேடினால்தான் தெரியும். வயிற்று வலியில் ஆரம்பித்து, இமை இறங்கி, அப்புறம் மூச்சுக்கு வந்து நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு இமையும் பாதி மூடியிருந்தன. தூக்கக் கலக்கம் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள்.

டாக்டரை எழுப்ப ஆள் அனுப்பிவிட்டு ஆச்சியிடம் கேட்டேன். "கரண்ட் வந்து மோட்டார் போட்டாச்சா அப்போ?"

"போட்டாச்சி. சித்தப்பன் லைட்ட எடுத்துட்டுப் போனான். அவன் போயி செத்த நேரத்துல இவன் எந்திச்சான்."

அந்த ஊருக்கு அந்த வாரம் மோட்டார் கரண்ட் ஒரு மணிக்கு. ஒன்றேகாலுக்கு வலி ஆரம்பித்திருக்கிறது, மூன்றே முக்கால் மணி நேரத்தில் இமை இறங்கியிருக்கிறது. ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்கிற சோதனை கட்டுவிரியன் கடியில் நன்றாகவே வரும், அதை வைத்து விஷம் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. விஷம் எந்த வேகத்தில் ஏறுகிறது என்று டாக்டர் கணக்குப் போட அந்த ஒன்றேகால் உதவியது. விஷமுறிவு மருந்து ஏற்றினோம், குழாய் போட்டு, மூச்சுப் பையை அழுத்திக்கொண்டே மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். ஐந்து நாள் மெஷினில் இருந்தான். பிழைத்துக்கொண்டான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த நேரக் கணக்கெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, வழியில் பார்த்துக்கொள்ள வேண்டியது. வீட்டில் உட்கார்ந்து நேரத்தை யோசிக்காதீர்கள். முதலில் 108-க்குச் சொல்லுங்கள்.

சாமத்தை ஒட்டி இருக்கிற சொற்களிலும் சில இடங்களில் தடுக்கும். கோயிலில் அர்த்தசாமப் பூஜை என்பது நடை சாத்துவதற்கு முன்னால் நடக்கிற கடைசிப் பூஜை. பெரும்பாலான கோயில்களில் 9 மணியை ஒட்டியே முடிந்துவிடும். அதனால் "அர்த்தசாமம் பார்த்துட்டு வந்து படுத்தேன்" என்று ஒருவர் சொன்னால் 12 மணி என்று எழுதாதீர்கள். அர்த்தராத்திரி என்றால் மட்டும் நடு ராத்திரி. கருக்கல் என்பது இரண்டு பக்கமும் வரும், சாயங்காலம் இருட்டுவதும் கருக்கல், விடியப்போவதும் கருக்கல். "விடியக் கருக்கலா, அந்திக் கருக்கலா?" என்று கேட்டே ஆக வேண்டும். ஏமஞ்சாமம் என்றால் நேரம்கூட இல்லை. "ஏமஞ்சாமம்னு பார்க்காம வந்தாங்க" என்றால் வேளைகெட்ட வேளையிலும் வந்தார்கள் என்றுதான் அர்த்தம். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற இலங்கைத் தமிழர் முகாம் அம்மா ஒருவர் "பின்னேரம் தொடக்கம் காய்ச்சல்" என்றார். நான் பின்னிரவு என்று நினைத்துவிட்டேன். அவர்களுக்குப் பின்னேரம் என்றால் மதியத்துக்குப் பிறகு சாயங்காலம் வரை. ஆனால் சாமம் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான்.

செய்தியில் ராத்திரி ஒன்றரை மணியை "அதிகாலை 1:30" என்று வாசிக்கிறார்கள். தேதி மாறிவிட்டதால் அப்படிச் சொல்கிறார்கள் போல. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஊரே தூங்குகிற நேரத்தைக் காலை என்று சொன்னால், கேட்கிற பெரியவர்கள் ஐந்து மணி என்று எடுத்துக்கொள்கிறார்கள். "ராத்திரி ஒன்றரை" என்று சொன்னாலே போதும்.

பிரசவ வார்டில் இந்தத் தேதி விவகாரம் அடிக்கடி வரும். செவ்வாய்க்கிழமை ராத்திரி 2:10-க்குக் குழந்தை பிறக்கிறது. பதிவேட்டில் புதன்கிழமைத் தேதி எழுதுகிறோம், ஏனென்றால் ஆங்கிலத் தேதி 12 மணிக்கு மாறுகிறது. பஞ்சாங்கத்தில் கிழமை மாறுவது சூரியன் உதிக்கும்போது, அதனால் குடும்பத்துக்கு அது செவ்வாய்க்கிழமைக் குழந்தை. "சிஸ்டர் தப்பா எழுதிட்டாங்க" என்று தாத்தா சண்டைக்கு வருவார். இரண்டும் சரிதான் என்று எடுத்துச் சொல்வேன். இதற்கு நம் ஆட்கள் வைத்திருக்கிற வாசகத்தைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது: "செவ்வாய்க்கிழமை ராத்திரி, விடிந்தால் புதன்கிழமை." ஜாதகம் எழுதக் கொடுக்கும்போது ஆங்கிலத் தேதி, மணி, கூடவே இந்த "விடிந்தால் புதன்", மூன்றையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன். ரயில் டிக்கெட்டுக்கும் இதேதான். 5-ஆம் தேதி 00:20 வண்டி என்றால் 4-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். "நாலாந்தேதி ராத்திரி, விடிஞ்சா அஞ்சு" என்று வீட்டில் சொல்லிவிட்டால் யாரும் ஒரு நாள் தள்ளிப் போய் நிற்க மாட்டார்கள்.

எழுதுகிற பிள்ளைகளுக்கு: நடுச்சாமம் என்பதில் ச் வரும், சாமக்கோழியில் க் வரும். வேற்றுமை சேர்த்தால் சாமத்தில், சாமத்துக்கு. சாமவேதத்தில் வருகிற சாமம் வேறு சொல், அதற்கும் ராத்திரிக்கும் சம்பந்தமில்லை. கேஸ் ஷீட்டில் வெறும் மணியை எழுதாதீர்கள். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதி, பக்கத்தில் நீங்கள் கண்டுபிடித்த இடைவெளியை எழுதுங்கள். "சாமம். மோட்டார் கரண்ட் வந்த பின், பால் வண்டிக்கு முன். 1:00 முதல் 3:00." கட்டத்துக்குள் அடங்காது. பக்கத்து ஓரத்தில் எழுதுங்கள், டாக்டர் படிப்பார்.

நாம் அவர்களுக்குச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் ஒரு அம்மாவிடம் "சாமத்துக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாது" என்று சொல்லியிருந்தோம். அவர் சரி என்று தலையாட்டினார். காலையில் தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது விசாரித்தால், நாலரை மணிக்கு ஒரு டம்ளர் காபியும் இரண்டு பன்னும் சாப்பிட்டிருக்கிறார். "சாமத்துல ஒண்ணும் தொடல தாயி, விடியக்காலம்தான் குடிச்சேன்" என்றார். அவர் கணக்கில் சாமத்தோடு தடை முடிந்துவிட்டது. ஆப்பரேஷனைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. இப்போது நாங்கள் சொல்வது இப்படி: "இன்னைக்கு ராத்திரிச் சாப்பாடுதான் கடைசி. அதுக்கு அப்புறம் தூங்கி எந்திரிச்சாலும், விடிஞ்சாலும், நாங்க வந்து குடிங்கன்னு சொல்ற வரைக்கும் காபிகூடக் கூடாது." சொல்லிவிட்டு, பக்கத்தில் துணைக்கு இருப்பவரையும் ஒரு தடவை அதைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம்.